ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் அடுப்பும்



மாதம் ஒரு சொல்லை எடுத்து, அது எங்கள் வாழ்க்கையில் எப்படிப் புழங்குகிறது என்று இந்தப் பக்கத்தில் பேசி வருகிறோம். இந்த மாதம் எடுத்திருப்பது எங்களில் அநேகர் கந்தோர் வாசல்களில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஒரு சொல். "நடைமுறைச் சாத்தியமில்லை." கடிதத்தில் இப்படி எழுதுவார்கள். வாய்ப்பேச்சில் "சரிவராது", "ஏலாது" என்பார்கள். எங்கள் ஆச்சிமார் இதற்கு வைத்த பெயர் ஏட்டுச் சுரைக்காய்.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் தலவிலவில் வைத்துத்தான் வந்தது.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகிறவர்களுக்குத் தலவில தெரிந்திருக்கும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவே மணல் நிலம். கடலோரத்தில் புனித அன்னம்மாள் திருத்தலம். மார்ச் மாதம் ஒரு திருவிழா, ஓகஸ்ட் மாதம் ஒரு திருவிழா. தமிழரும் சிங்களவரும் பாயும் பானையுமாய் வந்து மரங்களுக்குக் கீழே நாட்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். மன்னாரிலிருந்தும் வருவார்கள், நீர்கொழும்பிலிருந்தும் வருவார்கள். கடை போடுகிறவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நானும் ஊரைவிட்டு வந்தவள்தான். ஊர் முகங்களைக் காணலாம் என்ற ஆசையில் திருவிழாவுக்குப் போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் திருவிழா. சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கிடுகு மறைப்புக்குள் மூன்று கல் வைத்து நாங்கள் சுரைக்காய்க் கறி வைத்தோம். பக்கத்தில் கருவாட்டுக் கடை போட்டிருந்த ஒரு சகோதரி எங்கள் மறைப்புக்குள் வந்து உட்கார்ந்தார். என்னோடு இருந்த பெண்கள் அவரை "ராத்தா" என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட இளையவர்தான். ஆனால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதை நீங்கள் அறிவீர்கள். ஏறக்குறைய 75,000 பேர் ஊர் இழந்தார்கள். மன்னார்த் தீவைச் சேர்ந்த பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ராத்தா அப்படி வந்த வள்ளமொன்றில் தாயின் மடியோரம் உட்கார்ந்து வந்த சிறுமி. இப்போது கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். அவரும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். ஐந்து பேரில் மூன்று பேர் முஸ்லிம்கள், இரண்டு பேர் கத்தோலிக்கத் தமிழர்கள். ஐந்து வீட்டிலும் உழைக்கிற ஆம்பிளை இல்லை.

ராத்தா மடிக்குள் இருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. அஞ்சு மாசமா வச்சிக்கிட்டுத் திரியிறன்."

கடிதம் சிங்களத்தில் இருந்தது. கரையோரத்தில் அரச காணித் துண்டொன்றில் ஒரு சின்ன வாடி போட்டு, தட்டி கட்டிக் கருவாடு காயவைக்க அனுமதி கேட்டு ஐந்து பேரும் கையெழுத்து வைத்து ஒரு கந்தோருக்குக் கொடுத்திருக்கிறார்கள். மணலில் பாய் விரித்துக் காயவைத்தால் காற்றுக்கு மண் பறந்து ஒட்டும், ஈ மொய்க்கும், வியாபாரி விலையைக் குறைப்பான். தட்டியில் உயர்த்திப் போட்டால் மேலாலும் கீழாலும் காற்றுப் போய் மண்ணில்லாமல் சீக்கிரம் காயும். நியாயமான விண்ணப்பம்தான். பதில் மூன்றே வரி.

"இதை ஆர் வாசிச்சுச் சொன்னது ராத்தா?"

"சந்தியில கடை வச்சிருக்கிற பொடியன். 'உங்களுக்கு ஏலாதாம்' எண்டு சொன்னான். அதோட நாங்க விட்டுட்டம். உண்மைதானே அக்கா, ஆம்பிளை இல்லாத அஞ்சு பேருக்கு என்ன ஏலும்?"

எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். கடிதத்தில் இருந்தது "பிராயோகிக நொவே" என்ற சொல். நீங்கள் கேட்ட ஏற்பாடு நடைமுறைக்கு உகந்ததல்ல என்பது அதன் பொருள். "உங்களுக்கு ஏலாது" என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ராத்தா வாங்கிக்கொண்டது கடிதத்தில் இல்லாத ஒரு தீர்ப்பை. ஐந்து மாதமாக அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்.

கடைக்காரப் பொடியனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பேச்சிலேயே இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் "ஏலாது". இலங்கைத் தமிழில் நாங்கள் நாளுக்கு நூறு தரம் சொல்லும் சொல். 'ஏல்' என்பது அதன் அடி. பொருந்துதல், இயலுதல் என்று அகராதி அதற்குப் பொருள் சொல்லும். அப்படிப் பார்த்தால் "ஏலாது" என்றால் பொருந்தாது, இயலாது. எங்கள் ஊர்களில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. "அம்மாவுக்கு ரெண்டு நாளா ஏலாது" என்றால் அம்மாவுக்குச் சுகமில்லை. "ஏலாத மனுசி" என்றால் நோயாளி, பலமில்லாதவள். ஆகவே "உங்களுக்கு ஏலாதாம்" என்று ஒருவர் சொன்னதும், காரியம் நடக்காது என்பதோடு நீ பலமில்லாதவள் என்பதும் சேர்ந்து காதில் விழுகிறது. ஏற்கெனவே மனம் உடைந்திருக்கும் பெண்ணுக்கு இரண்டாவதுதான் முதலில் கேட்கும்.

அடுத்தது "முடியாது". இது கொஞ்சம் கள்ளச் சொல். செய்யும் வழியில்லை என்பதற்கும் முடியாது. செய்ய மாட்டேன் என்பதற்கும் முடியாது. "நான் முடியாது எண்டு சொல்லிப்போட்டன்" என்று நாங்களே சொல்கிறோமல்லவா? அங்கே இருப்பது மறுப்பு. ஒருவர் எங்களிடம் "முடியாது" என்றால் அது வழியில்லாத முடியாதா, மனமில்லாத முடியாதா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

மூன்றாவது "நடைமுறைச் சாத்தியமற்றது". நடை, முறை என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் சாத்தியம் என்ற வடசொல்லும் சேர்ந்தது. சாத்தியம், சாதனை, சாதித்தல் எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. யோசிக்கலாம், எழுதலாம், படம் போடலாம், ஆனால் இருக்கிற வழியிலும் வசதியிலும் அதை நடத்திக் காட்ட இடமில்லை என்பதே இதன் சரியான பொருள். இந்தச் சொல் ஒரு திட்டத்தைப் பற்றிப் பேசுகிறது, ஆளைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் திட்டத்தையும் இன்றைய நிலைமையில் வைத்தே பேசுகிறது. நிலைமை மாறினால் சொல்லும் மாறலாம்.

எங்கள் முன்னோர் இந்த வித்தியாசங்களை நன்றாக அறிந்து தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். முயலுக்குக் கொம்பு கிடையாது. எவ்வளவு காசு கொடுத்தாலும், எந்த அமைச்சர் கையெழுத்து வைத்தாலும் கிடையாது. அடியோடு இல்லாத ஒன்றுக்குப் பெயர் முயற்கொம்பு. மணல் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. ஆனால் தலவிலக் கரை முழுவதையும் அள்ளினாலும் மணலில் கயிறு திரிக்க வராது. வீண் முயற்சிக்குப் பெயர் மணலைக் கயிறாகத் திரித்தல். கல்லில் நார் உரித்தல் என்றால் மிகமிகக் கடினமானது. எட்டாக்கனி என்றால் பழம் உண்மையாகவே மரத்தில் இருக்கிறது, என் கைதான் எட்டவில்லை. அங்கே தேவைப்படுவது ஒரு கொக்கத்தடி.

ஏட்டுச் சுரைக்காய் இவை எல்லாவற்றிலும் வேறானது. ஏடு என்றால் எழுதிய ஓலை. ஓலையில் சுரைக்காய் என்று எழுதலாம், அழகாகப் படமும் கீறலாம். அது கறிக்கு உதவாது. இந்தப் பழமொழி சுரைக்காயையும் பழிக்கவில்லை, ஏட்டையும் பழிக்கவில்லை. எழுதியதற்கும் சட்டிக்கும் நடுவே விதைக்க ஒரு நிலம், ஊற்றத் தண்ணீர், படரப் பந்தல், பறிக்க ஒரு கை வேண்டுமே, அவை எங்கே என்றுதான் கேட்கிறது.

சகோதரிகளே, யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் எங்கள் பெயரில் எத்தனையோ ஏடுகள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2015ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016இலும் வடக்கு கிழக்கில் 65,000 இரும்பு வீடுகள் கட்டிக் கொடுக்கும் திட்டமொன்றை அரசாங்கம் முன்வைத்தது. தொழிற்சாலையில் செய்த உருக்குப் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்துகிற வீடுகள். ஒரு வீட்டுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபா செலவு சொல்லப்பட்டது. யாழ்ப்பாணம் உரும்பிராயில் மாதிரி வீடும் கட்டிக் காட்டினார்கள். படத்தில் பார்க்க வடிவாகவே இருந்தது. கதிரை, கட்டில், மேசை எல்லாம் சேர்த்துத் தருவோம் என்றார்கள்.

பொறியியலாளர்களும் பொருளியல் அறிந்தவர்களும் மக்கள் பிரதிநிதிகளும் கேள்வி எழுப்பினார்கள். எங்கள் வெயிலுக்கு இந்த வீட்டுக்குள் இருக்க முடியுமா? கடற்காற்றின் உப்புக்கு இரும்பு எத்தனை வருடம் தாங்கும்? பிள்ளை வளர்ந்து ஓர் அறை கூட்ட வேண்டுமென்றால், ஊர் மேசனால் அதில் கை வைக்க முடியுமா? விறகடுப்பில் சமைக்கிற குடும்பத்துக்கு ஏற்ற குசினி எங்கே? அந்தக் காசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடு கட்டலாமே, அந்த வேலை ஊர் மேசனுக்கும் கூலியாளுக்கும் கிடைக்குமே?

இவை பெரிய படிப்புக் கேள்விகளா? கரையோரத்தில் தகரக் கூரைக்குக் கீழே நாலு வருடம் இருந்த எந்தப் பெண்ணும் கேட்கக்கூடியவை. உப்புக் காற்று தகரத்தை எப்படித் தின்னும் என்று தலவிலக் கரையில் கடை போடுகிற ராத்தாவுக்குத் தெரியும். புகை போக வழியில்லாத இடத்தில் மூன்று வேளை அடுப்பு மூட்டுகிறவளுக்குக் குசினி எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். கடைசியில் அந்த 65,000 இரும்பு வீடுகள் திட்டமிட்டபடி எழும்பவேயில்லை. நல்ல மை கொண்டு எழுதிய ஏட்டுச் சுரைக்காயாகவே அது போயிற்று.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். இந்திய அரசின் உதவியோடு 2012இல் வேகமெடுத்த வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. அங்கே ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பெரும்பாலான வீடுகளுக்குக் காசு கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அத்திவாரம் போட்டதும் ஒரு பங்கு, சுவர் எழும்பியதும் ஒரு பங்கு என்ற மாதிரி. மேசனைத் தேடியதும் கல் எண்ணியதும் சீமெந்து மூட்டையைக் காவல் காத்ததும் வீட்டுக்காரர்கள்தான். எத்தனையோ வீடுகளில் அது ஒரு பெண். அந்தக் காசு போதாமல் நகையை ஈடு வைத்தவர்களும் கடனில் விழுந்தவர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் வீடுகள் எழும்பின, அவற்றில் அடுப்பு எரிகிறது. "கணவர் இல்லாத பெண் தானே நின்று வீடு கட்டுவது நடக்கிற காரியமா?" என்று கேட்டவர்களுக்கு அந்தச் சுவர்களே பதில்.

புத்தளத்துக்கே திரும்பி வருவோம். 1990இல் வந்திறங்கியவர்கள் வருடக்கணக்காகக் கிடுகுக் குடிசைகளில் இருந்தார்கள். நிலையான வீடு என்ற பேச்சு வந்தால் பல தடைகள் சொல்லப்பட்டன. இவர்கள் தற்காலிகமாக வந்தவர்கள், காணிக்கு உறுதி இல்லை என்றார்கள். இங்கே வீடு வாங்கினால் சொந்த ஊருக்குத் திரும்பும் உரிமை போய்விடுமோ என்ற பயம் மக்களுக்கும் இருந்தது. பதினேழு வருடத்துக்குப் பின், 2007இல், உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. காணி ஆவணங்களைச் சீர்செய்து, குடும்பங்கள் தாங்களே வீடு கட்டுவதற்கு உதவி கொடுத்தார்கள். அதே மணல், அதே மக்கள்தான். அதுவரை ஏலாதது அப்போது ஏன் ஏலுமாயிற்று? காணிப் பத்திரமும் காசும் வழியும் வந்தன. ராத்தாவின் தாய் இன்று இருப்பது அப்படிக் கட்டிய ஒரு வீட்டில்தான்.

"பதினேழு வருசம் கிடுகு மாத்தினது உம்மாவுக்கு ஏலாததாலயா ராத்தா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உம்மாவுக்கா? உம்மாவுக்கு ஏலாத ஒண்டு இருக்கா?"

"பிறகென்ன, மகளுக்கு மட்டும் ஏன் ஏலாது?"

அன்றைக்கு அந்தக் கடிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் நான்கு கேள்விகளை எழுதினோம். நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "நடைமுறைச் சாத்தியமில்லை" என்று யாராவது சொன்னால் கோபப்படவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். இந்த நான்கையும் மரியாதையாகக் கேளுங்கள்.

எது சாத்தியமில்லை? கேட்ட இடமா, கட்டிடமா, காசா, காலமா?

எந்தச் சட்டத்தின்படி, எந்தக் காரணத்தால்?

எது மாறினால் சாத்தியமாகும்?

அந்த மாற்றத்தை யார் செய்ய வேண்டும்? நாங்களா, நீங்களா, வேறு கந்தோரா?

இதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று ராத்தா சந்தேகப்பட்டார். இருக்கிறது. எங்கள் நாட்டின் அரசியலமைப்பில் மொழி பற்றிய 4ஆம் அத்தியாயம் இருக்கிறது. சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பிரதேசத்திலும் நாங்கள் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமையுள்ளவர்கள் என்று அதிலுள்ள 22ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே விளங்காத மொழியில் வந்த கடிதத்தைச் சந்திக் கடையில் கொடுத்து வாசிப்பதோடு நிற்கத் தேவையில்லை. தமிழில் பதில் தாருங்கள் என்று கேட்கலாம்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். எழுத ஏலாதவர் வாயால் சொன்னாலும், அதை எழுதி எடுப்பது அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்தத் தீர்மானத்துக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டமும் ஒரு ஏடுதான். அதிலுள்ள சுரைக்காய் கறியாவது நாங்கள் எழுந்து போய்க் கேட்கும்போதுதான்.

ராத்தாவும் மற்ற நான்கு பேரும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதினார்கள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன். கையெழுத்து ஐந்து. ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, மூலத்தைக் கந்தோரில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை குத்தி வாங்கினார்கள்.

பதில் உடனே வரவில்லை. ஒருமுறை போய் நினைவூட்ட வேண்டியிருந்தது. பின்பு தமிழில் வந்தது. அவர்கள் கேட்ட துண்டு கடலுக்கு மிகக் கிட்ட இருக்கிறதாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தில் அனுமதியில்லாமல் கட்டிடம் போட முடியாது. அந்த இடத்தில் நிலையான வாடிக்கு அனுமதி பெறுவது கடினம், வேறு காணியைக் காட்டினால் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

பாருங்கள் சகோதரிகளே! ஏலாதது அந்த இடம் மட்டும்தான். கருவாடு போடுவது ஏலும், தட்டி கட்டுவது ஏலும், ஐந்து பெண்கள் சேர்ந்து தொழில் செய்வதும் ஏலும். கந்தோர் சொன்ன காரணமும் நியாயமானதே. கடல் வந்து கரையைத் தின்னும் இடத்தில் தூண் நட்டால் நாளைக்கு எங்கள் முதல்தான் போகும். இந்த ஒரு வரியை முதற்கடிதத்திலேயே எழுதியிருந்தால் ஒரு பெண் ஐந்து மாதம் தன்னை ஏலாதவள் என்று நினைத்துத் திரிந்திருக்க மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சொல்லைப் பயன்படுத்த எங்களுக்கும் உரிமை உண்டு. உதவி என்று கொண்டுவருவதையெல்லாம் தலையாட்டி வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டோம். தையல் தெரியாதவளுக்குத் தையல் மெசின், தீன் வாங்கக் காசில்லாத வீட்டுக்கு முப்பது கோழிக்குஞ்சு, தண்ணீர் இல்லாத காணிக்கு மரக்கன்று. வாங்கிப் படம் எடுத்து முடிந்ததும் மெசின் மூலைக்குப் போகும், குஞ்சு செத்துப்போகும். அதற்குப் பிறகு "இவர்களுக்குக் கொடுத்தும் பிரயோசனமில்லை" என்ற பெயர் எங்களுக்கு வரும். கொண்டுவருகிற நேரத்திலேயே, "மிச்சம் நன்றி, ஆனால் இது எங்கள் வீட்டு நிலைமைக்குச் சரிவராது, இந்த இந்தக் காரணத்தால், இதற்குப் பதில் இப்படிச் செய்தால் சரிவரும்" என்று சொல்லப் பழகுவோம். அடுப்பை மூட்டுகிறவளுக்கே எது கறிக்கு உதவும், எது உதவாது என்று முதலில் தெரியும்.

வீட்டிலும் இந்தச் சொல்லைக் கவனமாகப் பாவிக்க வேண்டும். மகள் ஓர் ஆசையைச் சொன்னதும் "எங்களுக்கு அதெல்லாம் ஏலாது" என்று சொல்லிவிடுகிறோம். அவளுக்கு அது முயற்கொம்பாகவே மனதில் பதிந்துவிடும். "இப்ப கையில காசில்ல, வழி என்னெண்டு விசாரிப்பம்" என்று சொன்னால் அது எட்டாக்கனி அளவில் நிற்கும். எட்டாத பழத்துக்குக் கொக்கத்தடி தேடலாம்.

"அசாத்தியம்" என்ற சொல்லையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். செய்ய முடியாதது என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் "அசாத்தியத் துணிச்சல்", "அசாத்தியத் திறமை" என்று புகழ்வதற்கும் அதே சொல்லைத்தான் எடுக்கிறோம். எவராலும் ஏலாது என்றிருந்ததை ஒருத்தி செய்து முடித்துவிட்டால், அந்தச் சொல்லே அவளுக்கு மாலையாகிவிடுகிறது.

இந்த மார்ச் திருவிழாவுக்கு மறுபடியும் தலவில போனேன். காற்று அடங்கிக் கடல் அமைதியாக இருந்தது. ராத்தா கடை போட்டிருந்தார். ஐவரில் ஒருவரின் வீட்டு வளவில், கடலிலிருந்து தள்ளி, மூன்று தட்டிகள் நிற்கின்றனவாம். கழற்றி மடித்து வைக்கக்கூடிய மாதிரிக் கம்பும் வலையும் கொண்டு தாங்களே கட்டியது. வாடிக்கு வேறு காணி காட்டிய விண்ணப்பம் இன்னும் கந்தோரில் கிடக்கிறது. மழைக்குக் கூரை இல்லை. அதற்குக் காசு சேரவுமில்லை. ஆனால் மண் ஒட்டாத கருவாடு என்று கேட்டு வாங்க ஆட்கள் வருகிறார்கள்.

அன்று அவருக்கு நோன்பு. தான் வாய் நனைக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த கறியை எங்களுக்குப் பரிமாறினார். கிணற்றடி வேலியில் படர்ந்த சுரைக்காய்.

"கந்தோரில இருந்து கடிதம் வந்ததா ராத்தா?"

"இன்னும் இல்லக்கா. வாற புதன் திரும்பப் போறம். அஞ்சு பேரும்."

போன வருடம் நாலாக மடித்து மடியில் இருந்த அந்தக் கடிதம் எங்கே என்று கேட்டேன். மற்றக் கடிதங்களோடு சேர்த்து ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறாராம். முதல் பக்கம் அதுதானாம்.

சகோதரிகளே, உங்கள் மடியிலும் இப்படி ஒரு கடிதம் மடிந்து கிடக்கலாம். எடுத்து விரித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் ஏலாது என்று எழுதியிருப்பது எதைப் பற்றி என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.